பூஜ்யத்தில் நின்ற முள்

அத்தியாயம் 5

"கையெழுத்துப் போட மாட்டேன். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க!"

குருவி போட்ட சத்தத்தில், விமானங்களை நிறுத்தும் ஹேங்கரின் தகரக் கூரைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பி வெளியே பறந்தன. பேர்தான் குருவி. ஆள் குள்ளம் என்பதால் விமானப் பயிற்சிக் கிளப்பில் எவனோ வைத்த பட்டப்பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வைத்தவன் நிச்சயம் இவள் குரலைக் கேட்டிருக்க மாட்டான் என்று, அண்ணியோடு வந்து ஓரமாக நின்ற கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

எதிரே விசாரணை அதிகாரி, நீட்டிய தாளை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து இன்று காலைதான் வந்து இறங்கிய மனிதர். மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் அவர் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது.

"ரேடியோ சேனலைக் கவனக்குறைவாத் தப்பா வச்சிருந்தேன்னு ஒத்துக்கிட்டா, ஆறு மாசம் பறக்கத் தடை. அதோட போச்சு. முரண்டு பிடிச்சா லைசென்ஸே ரத்து. அப்புறம் ஆயுசு பூரா தரையிலதான்மா."

"செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு ஆறு மாசம் கழிச்சுப் பறக்கறதுக்கு, நான் ஆயுசு பூரா நடந்தே போறேன் சார்."

அதிகாரியின் தோளுக்குப் பின்னால் கேப்டன் மெல்லச் சிரித்தார். கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். உயரமும் ஒல்லியுமாக ஒட்டடைக்குச்சிக்கு யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருப்பார். ஆனால் அவர் நடந்து வந்தால் கிளப்பில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

நடந்தது இதுதான். இந்த விமானத்தளத்தில் வழிகாட்டும் கோபுரம் கிடையாது. போலீஸ்காரர் இல்லாத நாற்சந்தி மாதிரி. பறக்கிறவர்கள் எல்லாரும் ரேடியோவில் ஒரே சேனலை வைத்துக்கொண்டு, "நான் இங்க இருக்கேன், இறங்கப் போறேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டு ஒதுங்க வேண்டும். தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வரிசையாக வந்து இறங்க வேண்டும். ஒருத்தர் தலையில் ஒருத்தர் விழாமல் இருக்க அங்கே இருந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நல்ல வெயில் நாளில், குருவி தன் மாணவரான பல் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கேப்டன் சுற்றவில்லை. தூரத்திலிருந்து நேராக, அவள் தலைக்கு மேலேயே இறங்கினார். குருவியின் விமானத்துக்கு இறக்கை கூரை மேல் இருக்கும். மேலே இருப்பது தெரியாது. கேப்டனுடையதற்கு இறக்கை காலடியில். கீழே இருப்பது தெரியாது. தரையில் தன் விமானத்தின் நிழல் பக்கத்தில் இன்னொரு நிழல் நெருங்குவதைக் கண்டுதான் அவள் சடாரென்று வலது பக்கம் ஒடித்தாள். புல்தரையில் இறங்கியதில் சக்கரம் முறிந்தது, டாக்டரின் மணிக்கட்டில் விரிசல். இரண்டு உயிர், கேப்டனையும் சேர்த்தால் மூன்று உயிர், அந்த நிழலால் பிழைத்தது.

"நான் மூணு தடவை சொன்னேன்" என்றாள் குருவி. "ரேடியோவுல ஒரு சத்தமும் வரல" என்றார் கேப்டன். கிளப் ஸ்பீக்கர் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். பல் டாக்டரைக் கேட்டால், "பயத்துல கண்ணை மூடிட்டேன், காதும் சேர்ந்தே மூடிக்கிச்சு" என்று கையை விரித்துவிட்டார், விரிக்க முடிந்த ஒரு கையை.

அன்றே உள்ளூர் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு விமானத்தின் கதவுகளுக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார். குருவியின் பாஸைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். இன்று அதிகாரி எல்லார் கண் முன்னாலும் சீலை உடைத்து, உள்ளே படம் எடுத்தார். குருவியின் ரேடியோ பழைய காலத்துத் திருகு ரேடியோ. கரண்ட் இல்லாமலே எண் தெரியும். அதில் இருந்தது வேறு ஏதோ ஒரு சேனல்!

கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள், அண்ணியைத் தவிர.

அண்ணி என்றால் கொழுந்தனுக்குத்தான் அண்ணி. ஊருக்குத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளியம்மா, குருவிக்காக இந்த வழக்கைத் துருவ வந்தவர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்தே பேர் வாங்கியவர். கம்பெனியை விட்டு வந்து தனியாகக் கடை போட்டபோது, எந்த வேலையிலும் நிலைக்காத கணவரின் தம்பியை உதவியாளனாக வைத்துக்கொண்டார். "வீட்டுல வச்சுக்கிட்டாலும் சோறு போடணும், ஆபீஸ்ல வச்சுக்கிட்டாலும் சோறு போடணும்" என்று அதற்குக் காரணம் சொல்வார்.

"அரை மணி நேரம் குடுங்க சார்" என்றார் அண்ணி இப்போது.

"எதுக்கு?"

"டீ குடிக்க. நீங்க."

அதிகாரிக்குச் சுருக்கென்றிருந்தாலும் டீ தேவைப்பட்டது. கேப்டன் அவரைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். "தம்பி, அந்த விமானத்துக்குள்ள போ."

கொழுந்தன் கதவைத் திறக்கப் போனான்.

"கதவைத் தொடாதே. ரெண்டு கதவுலயும் சீல் இருக்கு."

"அதான் உடைச்சாச்சே அண்ணி!"

"உடைக்கலைன்னு வச்சுக்கோ. இப்ப எப்படி உள்ள போவே?"

அவன் விமானத்தைச் சுற்றி வந்தான். கண்ணாடியைத் தட்டினான், வயிற்றைக் குனிந்து பார்த்தான். பின்பக்கம் பெட்டி படுக்கை போடுவதற்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. இழுத்தான். சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"அடப்பாவி! வாசலைப் பூட்டிட்டுக் கொல்லையைத் திறந்து போட்டிருக்கான்!"

"நுழை."

"அண்ணி, இது சூட்கேஸ் போற ஓட்டை. நான் பீரோ சைஸ்."

"மூச்சைப் பிடிச்சுக்கோ. உள்ள எதையாவது தொட்டே, உன் அண்ணன்கிட்ட சொல்லி ஒரு வாரம் கஞ்சிதான்."

தலை போனது, தோள் போனது, தொப்பைதான் போகமாட்டேன் என்றது. குருவி காலைப் பிடித்துத் தள்ள, எப்படியோ பின்சீட்டு மேல் குப்புற விழுந்தான். அங்கிருந்து முன்னால் கையை நீட்டினால் ரேடியோ எட்டியது. ஒரு ஒல்லியான ஆள் தாராளமாக முன் சீட்டுக்கே தாவி உட்காரலாம். அதைக் கத்திச் சொன்னான்.

"ரேடியோவை விடு. பக்கத்துல வேற என்ன இருக்கு?"

"கடிகாரம் கடிகாரமா இருக்கு. ஒண்ணும் ஓடல. உயரம் காட்டறதுன்னு ஒண்ணு இருக்கு, முள்ளு பூஜ்யத்துல நிக்குது. நம்ம பள்ளிக்கூட மார்க் மாதிரி, அச்சு அசலாப் பூஜ்யம்."

குருவி முகத்தைச் சுருக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். "வெளிய வா தம்பி. கேப்டன் விமானத்தையும் பாத்துடுவோம். அதுல நுழைய வேணாம், கண்ணாடி வழியாப் பாரு."

வெளியே வருவது நுழைவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சட்டையில் ஒரு பட்டன் விமானத்துக்குக் காணிக்கையானது. கேப்டனின் விமானத்து இறக்கை மேல் ஏறி, கையைக் கண்ணுக்கு மேல் குவித்து உள்ளே பார்த்தவன் கத்தினான். "அண்ணி, இந்த விமானம் தரையில நிக்கல! இருநூறு அடிக்கு மேல பறந்துக்கிட்டிருக்கு!"

"ஏன் அப்படிக் காட்டுது?" அண்ணி குருவியைக் கேட்டார்.

"அதுக்கு உயரமெல்லாம் தெரியாதுக்கா. காத்தோட அழுத்தம் மட்டும்தான் தெரியும். மேல போகப் போக அழுத்தம் குறையும், முள் ஏறும். சும்மா தரையில நிக்கறப்ப வானம் மூட்டம் போட்டு அழுத்தம் குறைஞ்சாலும், நாம மேல போயிட்டோம்னு நினைச்சு முள் ஏறிடும். அதான் ஒவ்வொரு தடவையும் ஏறி உக்காந்ததும் முதல் வேலையா அதைத் திருகிச் சரி பண்ணுவோம். என்ன அழுத்தத்துக்குத் திருகினோம்னு முள்ளுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஜன்னல்ல எண் தெரியும்."

"அன்னிக்கு நல்ல வெயில். நேத்து சாயங்காலத்துலேர்ந்துதான் மூட்டம்."

"ஆமா. அதான் அவரோடது ஏறியிருக்கு. யாரும் தொடலைன்னா ஏறத்தான் செய்யும்."

"உன்னோடது ஏன் ஏறல?"

 குருவி ஒரே ஓட்டமாகத் தன் விமானத்துக்கு ஓடி, கதவு வழியே எட்டிப் பார்த்தாள். காலையில் சேனலைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் வேறு எதையும் கவனித்திருக்கவில்லை.

"அக்கா! நான் பூஜ்யமே வைக்கமாட்டேன்! கடல் மட்டத்துலேர்ந்துதான் எண்ணுவேன். இந்தத் தரையே கடலுக்குத் தொள்ளாயிரம் அடி மேல. நின்னுக்கிட்டிருந்தாலும் எனக்குத் தொள்ளாயிரம் காட்டணும். மூட்டத்துக்கு ஏறினதையும் சேர்த்தா ஆயிரத்தைத் தாண்டியிருக்கணும்!"

"அப்ப இங்க யாரு பூஜ்யம் வைக்கறது?"

"முந்தி கிளப்புல எல்லாரும் தரையைத்தான் பூஜ்யம்னு வைப்பாங்க. அப்புறம் வெளியூர் விமானமெல்லாம் வர ஆரம்பிச்சதும் எல்லாரும் கடல் மட்டத்துக்கு மாறிட்டோம். எல்லாரும் ஒரே இடத்துலேர்ந்து எண்ணினாத்தானே, நீ எந்த உயரம், நான் எந்த உயரம்னு பேசி விலகிக்க முடியும்? ஒரே ஒருத்தர்தான் மாறமாட்டேன்னுட்டார். 'என் ரன்வேதான் என் பூஜ்யம்'னு..." அவள் குரல் இறங்கியது. முதல் தடவையாக.

கொழுந்தன் இறக்கையிலிருந்து குதித்தான். "மாட்டிக்கிட்டான் ஒட்டடைக்குச்சி! வாங்க அண்ணி, போய்ச் சொல்லிடுவோம்."

"சொன்னா என்ன ஆகும்? 'நான் தொடல'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு, நமக்கும் ஒரு டீ சொல்லுவார். அவரே செஞ்சு காட்டணும்."

"செய்யறதுக்கு அவருக்கென்ன கிறுக்கா?"

"சேனலைத் திருப்பினது மூளை, தம்பி. முள்ளைத் திருப்பினது கை. இத்தனை வருஷமா சீட்டுல உக்காந்ததும் செய்யற வேலையைக் கை தானாச் செஞ்சிருக்கு. மூளைக்கு அது தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தப் பூஜ்யத்தை விட்டுட்டுப் போயிருப்பாரா?"

அண்ணியைப் பார்த்தால் சில சமயம் கொழுந்தனுக்குப் பயமாகவே இருக்கும். அண்ணன் பாவம், வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது.

டீ முடிந்து இருவரும் திரும்பி வந்தார்கள். அதிகாரி தாளை மறுபடி எடுத்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் அண்ணி, அப்பாவி முகத்தோடு. "இந்தப் பொண்ணு மேல பாத்திருந்தா கேப்டன் விமானம் தெரிஞ்சிருக்கும்னு சொல்றாங்க. எனக்கு விளங்கல. அவ ஓட்டினது மாதிரியே விமானம் ஒண்ணு வெளிய நிக்குதே. கேப்டன் அதுல உக்காந்து, எங்க பாக்கணும்னு கொஞ்சம் காட்டினா நாங்களும் புரிஞ்சுக்கிட்டுப் போயிடுவோம்."

கேப்டனுக்குப் பாடம் எடுக்கக் கசக்குமா? "வாங்க, வாங்க" என்று முன்னால் நடந்தார்.

வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. கிளப்பின் இன்னொரு பயிற்சி விமானத்தில் கேப்டன் ஏறி உட்கார்ந்தார். அதிகாரியைப் பக்கத்துச் சீட்டில் அண்ணி உட்காரவைத்தார். கொழுந்தன் அதிகாரியின் காதருகே குனிந்து, "சார், அவர் வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க" என்று கிசுகிசுத்தான்.

"இறக்கை இப்படி மறைக்கும், உண்மைதான்" என்று கேப்டன் ஆரம்பித்தார். "ஆனா புத்தியுள்ள பைலட் திரும்பறதுக்கு முன்னாடி இறக்கையைத் தூக்கிப் பாப்பான். தலையைத் திருப்பி, இப்படி..."

தலை மேலே திரும்பியது. கை முன்னால் நீண்டது. விரல்கள் அந்தத் திருகைத் தேடிப் பிடித்தன. ஆயிரத்துச் சொச்சத்தில் கிடந்த முள் இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் வந்து நின்றது. விரல் நுனியால் கண்ணாடியில் ஒரு தட்டு. கை மடிக்குத் திரும்பியது. பேச்சு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இப்ப எதைத் திருகினீங்க?" அதிகாரி கேட்டார்.

"நானா? எதையும் திருகலையே!"

பொய்யில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதிகாரி முள்ளைக் காட்டினார். கேப்டன் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"சார், அந்தக் குட்டி ஜன்னல்ல இருக்கற எண்ணையும், காலையில சீலை உடைச்சதும் நீங்க எடுத்த படத்துல இருக்கற எண்ணையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்க" என்றார் அண்ணி.

அதிகாரி தன் போனைத் தேடி எடுத்தார். படத்தை விரித்துப் பெரிதாக்கினார். இரண்டும் ஒரே எண்.

"அது வெயில் நாளோட எண் இல்ல. மூட்டத்தோட எண். நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம்தான் யாரோ அந்த விமானத்துக்குள்ள உக்காந்திருக்காங்க. பின்னாடி சாமான் கதவுக்கு உங்க ஆளு சீல் வைக்கல. என் கொழுந்தன் அது வழியா நுழைஞ்சு காட்டினான். இவனே நுழைஞ்சா எவனும் நுழையலாம்."

"அவளே நுழைஞ்சிருப்பா!" கேப்டன் சீட்டிலிருந்து குதித்தார். "சரி பண்ண வந்திருப்பா!"

"சரி பண்ண வந்தவ சரியான சேனலை வச்சிருப்பாளே? அதுவும் பாஸைப் பிடுங்கின நாள்லேர்ந்து அவளைக் காவலாளி வாசப்படிகூட மிதிக்க விடல. இன்னிக்கு அதிகாரி கார்ல உக்காந்துதான் உள்ள வந்தா."

அதிகாரி தலையை ஆட்டினார். அவர்தான் ஏற்றிக்கொண்டு வந்தவர்.

கேப்டன் மார்பை நிமிர்த்தினார். கொழுந்தனுக்கு ஒரு விநாடி அந்த ஆளின் திமிர் மேல் மரியாதையே வந்தது. "சரி. நுழைஞ்சேன்னே வச்சுக்கோங்க. முள்ளைத் திருகினா என்ன குத்தம்? அன்னிக்கு ரேடியோவுல எனக்கு அவ குரல் கேக்கல. அது மாறிடுமா?"

"இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்றார் அண்ணி. "நிஜமாவே உங்களுக்குக் குரல் கேக்கலைன்னா, நீங்க என்ன நினைச்சிருப்பீங்க? அவ சேனல் தப்பா இருக்கும்னுதானே? அப்ப நிம்மதியா வீட்டுல உக்காந்திருப்பீங்க. சீலை உடைச்சா உண்மை தெரிஞ்சுடப்போகுது. இந்த வயசுல பொட்டிக் கதவு வழியா ஊர்ந்து போயிருக்க மாட்டீங்க. போனீங்கன்னா, அவ சேனல் சரியா இருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்படித் தெரியும் கேப்டன்?"

அண்ணி தன் காதை விரலால் தட்டிக் காட்டினார்.

"கேட்டீங்க. மூணு தடவையும் கேட்டீங்க."

குருவி ஒரு அடி முன்னால் வந்தாள். கத்தவில்லை. "கேட்டும் வந்தீங்களா?"

கேப்டன் அவளைப் பார்க்காமல் ரன்வேயைப் பார்த்தார். "நீ விலகிடுவேன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில். "எல்லாரும் விலகுவாங்க. என் குரலைக் கேட்டா விலகுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"நீங்க அன்னிக்கு வாயே திறக்கலையே! எந்தக் குரலைக் கேட்டு நான் விலகறது? டாக்டருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். கொழுந்தனுக்கு நாக்கு நுனியில் நாலு கிண்டல் தயாராக இருந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டான். 

அதிகாரி தொண்டையைச் செருமினார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் செருகினார். "சரிம்மா. உன் மேல தப்பில்லைன்னு முடிச்சிடறேன். பாஸை வாங்கிக்கோ, நாளைலேர்ந்து பற. சீல் விஷயம், இவர் விஷயம் எல்லாம் நாங்க உள்ளுக்குள்ள பேசிக்கறோம். கிளப் பேரு கெடவேணாம், பாரு."

"மாட்டேன்."

"இன்னும் என்னம்மா மாட்டேன்?"

"போக மாட்டேன். அவர் சுத்தாம நேரா வந்தார், என் குரலைக் கேட்டும் வந்தார்னு இங்கயே எழுதுங்க. இனிமே கேப்டனோ கிளப் தலைவரோ, யாரா இருந்தாலும் சுத்தி வரிசையிலதான் இறங்கணும்னு எழுதுங்க. நான் விலகினதால இன்னிக்கு நின்னு பேசிக்கிட்டிருக்கேன். நாளைக்கு முதல் தடவையா தனியாப் பறக்கப்போற ஒரு புள்ளைக்கு விலகத் தெரியாது சார். எழுதற வரைக்கும் உங்க கார் முன்னாடி படுத்துக்குவேன். ஏத்திக்கிட்டுப் போங்க!"

அதிகாரி அண்ணியைப் பார்த்தார், ஏதாவது சொல்லி அடக்குங்கள் என்பதுபோல. அண்ணி தன் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் பெருமூச்சு விட்டு, விமானத்தின் மூக்கு மேலேயே புதுத் தாளை விரித்து எழுத ஆரம்பித்தார். தூரத்தில் முதல் இடி உறுமியது.

கேப்டன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். குருவியைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

"இனிமே இந்த ஊர் வானத்துல நீ எப்படிப் பறக்கறேன்னு நான் பாக்கறேன்."

"பாருங்க" என்றாள் குருவி. "நல்லா பாருங்க. மேல பாருங்க, கீழ பாருங்க, ரெண்டு பக்கமும் பாருங்க. நான் அன்னிக்கு ரேடியோவுல உங்களைக் கேட்டுக்கிட்டதும் இதைத்தான்!"